அருகிவரும் உயிரினத்தைக் காக்க எது சரி: குளோனிங்கா, கூண்டா, காடா?

குளோனிங் பாடம் முடிந்ததும் வகுப்பில் யாராவது ஒரு மாணவர் இதைக் கேட்டுவிடுவார்: "ஒரு செல்லிலிருந்து முழு விலங்கையே உருவாக்க முடியும் என்றால், அழிந்துகொண்டிருக்கும் விலங்கைப் பற்றி எதற்கு இவ்வளவு கவலை? செல்லை எடுத்துப் பத்திரமாக வைத்துக்கொண்டால் போதாதா?"

நியாயமான கேள்விதான். ஒரே வரியில் தள்ளிவிட எனக்கு மனம் வருவதில்லை. ஓர் இனம் ஐம்பது, நூறு என்று சுருங்கிவிட்டால் கையில் இருக்கும் வழிகள் நான்கைந்துதான். பணம், ஆள், காலம் எல்லாமே பற்றாக்குறை. எதை முதலில் செய்வது என்று யாரோ ஒருவர் முடிவெடுத்தே ஆகவேண்டும். அந்த இடத்தில் நம்மை வைத்துப் பார்ப்போம்.

அதற்கு முன் ஓர் இலை. கட்டிப்போட்டால் குட்டிபோடும் இலையை நோட்டுக்குள் வைத்துக் காத்திருந்தவர்களுக்குக் குளோனிங் புதிதே இல்லை. சதைப்பற்றான இலை, அதன் ஓரம் முழுக்கச் சின்னச் சின்ன வெட்டுகள். சில நாட்களில் அந்த வெட்டுகளில் பச்சையாக ஒரு புள்ளி தடிக்கும். அப்புறம் வெள்ளை நூல் போல இரண்டு வேர், மேலே மிளகளவில் ஒரு ஜோடி இலை. தாய் இலை தன் நீரையெல்லாம் கொடுத்துவிட்டுச் சுருங்கிக்கொண்டே போகும். பூவும் மகரந்தமும் துணைச்செடியும் வேண்டியதில்லை. பத்துக் குட்டி வந்தால் பத்துக்கும் தாய்க்கும் ஒரே மரபணுத் தொகுதி. பாலிலா இனப்பெருக்கம் என்று பாடப்புத்தகம் சொல்வது இதைத்தான். ஹைட்ராவின் மொட்டு, உருளைக்கிழங்கின் கண், வாழையின் பக்கக்கன்று எல்லாம் இதே கணக்கு.

பாலினப்பெருக்கம் வேறு மாதிரி. அதில் சீட்டுக்கட்டு ஒவ்வொரு முறையும் குலுக்கப்படுகிறது. மனிதரிடம் 23 ஜோடி குரோமோசோம்கள் உள்ளன. சினைமுட்டையோ விந்தணுவோ உருவாகும்போது ஒவ்வொரு ஜோடியிலிருந்தும் ஒன்று மட்டும் போகிறது. இந்தத் தேர்வினாலேயே ஒருவரிடம் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட வெவ்வேறு சேர்க்கைகள் வரலாம். குரோமோசோம்கள் தங்களுக்குள் துண்டுகளை மாற்றிக்கொள்வது இதில் சேர்த்தியில்லை.

துணை தேடுவது, போட்டி போடுவது, குட்டியைத் தாங்குவது என்று இவ்வளவு செலவு பிடிக்கும் வழியை இயற்கை ஏன் விடவில்லை? 1845-இல் அயர்லாந்தில் நடந்ததைப் பார்த்தால் புரியும். அங்கே ஏழைகள் பெரும்பாலும் நம்பியிருந்தது ஒரே ஒரு உருளைக்கிழங்கு ரகத்தை. கிழங்கை வெட்டி நட்டுப் பெருக்கியதால் வயலுக்கு வயல் நின்றது ஒரே செடியின் நகல்தான். இலைக்கருகல் நோய் வந்தது. அதைத் தாங்கும் மரபணு ஒரு செடியில் இல்லை என்றால் எந்தச் செடியிலும் இல்லை. பஞ்சத்தில் சுமார் 10 லட்சம் பேர் இறந்தார்கள்.

சரி, முடிவெடுக்கும் மேசைக்கு வருவோம். எந்த வழி நல்லது என்று கேட்பதற்கு முன்னால், இந்த உயிரினம் எதை இழந்திருக்கிறது என்று கேட்கவேண்டும். இழப்பு மூன்று விதம்: வாழும் இடம் போயிருக்கலாம், தலை எண்ணிக்கை குறைந்திருக்கலாம், உள்ளே இருக்கும் மரபணு வேறுபாடு கரைந்திருக்கலாம். வெளியிலிருந்து பார்த்தால் மூன்றும் ஒன்று போலத் தெரியும். மருந்து மூன்றுக்கும் வேறு.

மூன்றாவது இழப்பு கண்ணுக்குத் தெரியாது என்பதால் அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன். இனப்பெருக்கம் செய்யும் விலங்குகள் பத்தே இருந்தால், ஒவ்வொரு தலைமுறையிலும் மரபணு வேறுபாட்டில் ஏறத்தாழ 5 சதவீதம் நழுவிப்போகும். ஐம்பது இருந்தால் 1 சதவீதம். யாரும் வேட்டையாடாமல், நோய் வராமல், வெறும் தற்செயலால் மட்டும் போவது இது. அதோடு, நம் எல்லோரிடமும் பழுதான மரபணுக்கள் சில உண்டு. ஜோடியில் இன்னொன்று நன்றாக இருப்பதால் பழுது வெளியே தெரிவதில்லை. நெருங்கிய உறவுக்குள்ளேயே இணைசேரும்போது இரண்டு பக்கமிருந்தும் அதே பழுது வந்து சேர்ந்துவிடுகிறது. குட்டிகள் சாகின்றன, ஆண்களுக்கு விந்து கெடுகிறது. எண்ணிக்கை மேலும் குறைகிறது, உறவு மேலும் நெருங்குகிறது.

குளோனிங் கொடுப்பதும் கொடுக்காததும்

டாலி என்ற செம்மறியாடு 1996 ஜூலை 5 அன்று ஸ்காட்லாந்தின் ரோஸ்லின் ஆய்வு நிலையத்தில் பிறந்தது. ஆறு வயதான ஓர் ஆட்டின் மடிச் செல் ஒன்றை எடுத்து, உட்கரு நீக்கப்பட்ட வேறோர் ஆட்டின் சினைமுட்டையோடு இணைத்து, மூன்றாவது ஓர் ஆட்டின் கருப்பையில் வளர்த்தார்கள். இப்படி இணைத்த முட்டைகள் 277. அவற்றில் கருப்பைக்குள் வைக்கும் அளவுக்கு வளர்ந்த கருக்கள் 29. உயிரோடு பிறந்தது ஒன்று.

இந்த எண்களை அழிந்துவரும் விலங்குக்குப் பொருத்திப் பாருங்கள். செம்மறியாடு எங்கும் கிடைக்கும், முட்டைக்கும் குறையில்லை, வாடகைத் தாய்க்கும் குறையில்லை. ஐம்பதே மிச்சமிருக்கும் இனத்தில் நூற்றுக்கணக்கான முட்டைகளுக்கு எங்கே போவது? அதனால் நெருங்கிய வேறு இனத்தின் முட்டையையும் கருப்பையையும் கடன் வாங்குகிறார்கள். அதில் ஒரு சிக்கல்: செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவுக்கென்று தனி மரபணு உண்டு, அது முட்டையிலிருந்து வருவது. ஆக, பிறக்கும் குட்டியின் உட்கரு ஓர் இனம், மைட்டோகாண்ட்ரியா வேறோர் இனம். பெரும்பாலும் உயிருக்கு ஆபத்தில்லை. ஆனால் 'அச்சு அசல் நகல்' என்று சொல்வது சரியாகாது.

ஸ்பெயினின் பிரனீஸ் மலைகளில் வாழ்ந்த புகார்தோ என்ற காட்டாட்டின் கதையை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனக்கும். கடைசியாக மிஞ்சியது செலியா என்ற ஒரு பெண். 2000 ஜனவரியில் ஒரு மரம் விழுந்து அது செத்துக் கிடந்ததைக் கண்டார்கள். முந்தைய ஆண்டே அதன் தோல் செல்களை எடுத்து உறையவைத்திருந்தார்கள். 2003-இல் கலப்பின ஆடு ஒன்றின் வயிற்றில் வளர்ந்து ஒரு குட்டி பிறந்தது. அழிந்துபோன ஓர் இனம் திரும்பி வந்தது அதுவே முதல்முறை. நுரையீரல் குறைபாட்டால் சில நிமிடங்களில் மூச்சு நின்றுவிட்டது. அந்தக் குட்டி பிழைத்திருந்தால்தான் என்ன நடந்திருக்கும்? அதுவும் பெண். நூறு நகல் எடுத்தாலும் நூறும் செலியாதான். இணைசேர ஓர் ஆண் உலகில் இல்லை.

செடிகளில் குளோனிங் எளிது. போத்து வெட்டி நட்டாலே ஆயிற்று. இருந்தும் அதே முட்டுச்சந்து அங்கேயும் வருகிறது. பனை போலத் தோன்றும் சைக்கஸ் வகையில் உட்ஸ் சைக்கஸ் என்று ஒன்று. 1895-இல் தென்னாப்பிரிக்காவின் ங்கோயே காட்டில் ஒரே ஒரு தூரைக் கண்டுபிடித்தார்கள். அது ஆண் மரம். அதன் பக்கக்கன்றுகளைப் பிரித்து நட்டு, இன்று உலகெங்கும் தாவரவியல் பூங்காக்களில் அது செழிப்பாக நிற்கிறது. பெரிய மஞ்சள்நிறக் கூம்புகள் விடுகிறது, மகரந்தம் உதிர்க்கிறது. பெண் மரம் இதுவரை கிடைக்கவில்லை. எத்தனை மரங்கள் இருந்தாலும் எல்லாம் அந்த ஒரே மரம். தன் இனத்தின் விதை ஒன்றுகூட இல்லை. எண்ணிக்கைக்கும் வகைக்கும் உள்ள வேறுபாட்டை விளக்க இதைவிட நல்ல சான்று என்னிடம் இல்லை.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். டாலி முறையில் இதுவரை ஒரு பறவையைக்கூடக் குளோனிங் செய்ததில்லை. பறவையின் முட்டை பெரியது. மஞ்சள் கரு அடர்ந்து கிடக்கும். அதில் உட்கருவைத் தேடிப் பிடித்து எடுப்பதே பெரும்பாடு. பறவைகள் அழிந்தால் இந்தக் கதவு இப்போதைக்கு மூடியே இருக்கிறது.

கெடுத்ததை அகற்றுதல்

காரணம் தெரிந்து, அதை அகற்றவும் முடியும் என்றால் மற்ற எல்லாவற்றையும் விட அதுதான் முதலில். இதில் எனக்கு இரண்டாம் கருத்தே கிடையாது. 1990-களில் தெற்காசியாவின் பிணந்தின்னிக் கழுகுகள் மளமளவென்று விழுந்தன. மூன்று இனங்களில் நூற்றுக்கு 97-க்கும் மேல் போய்விட்டன. கால்நடைகளுக்கு வலி போக்கக் கொடுத்த டைக்ளோஃபினாக் என்ற மருந்துதான் காரணம். அந்த மாட்டின் பிணத்தைத் தின்ற கழுகுக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. 2006-இல் இந்தியா, பாகிஸ்தான், நேபாளம் மூன்றும் கால்நடைகளுக்கு அதைத் தடைசெய்தன. மெலாக்சிகாம் என்ற பாதுகாப்பான மாற்று மருந்து இருந்தது. ஆண்டுக்கு ஒரே முட்டை இடும் பறவை, அதனால் மீட்சி மெதுவாகத்தான் வரும். ஆனால் தடை இல்லாமல் வேறு எதைச் செய்திருந்தாலும் ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றிய கதைதான்.

வாழிடத்தைக் காப்பதில் இன்னொரு லாபம் உண்டு. கூண்டிலோ ஆய்வகத்திலோ காப்பாற்றப்படுவது ஓர் இனம். காட்டைக் காத்தால் அந்த இனத்தோடு அதன் இரை, அதன் உண்ணி, அது தின்று விதை பரப்பும் மரம், யாரும் இன்னும் பெயர் வைக்காத வண்டு எல்லாம் சேர்ந்து நிற்கும். பல்லுயிர் வளம் என்பது தனித்தனி இனங்களின் பட்டியலைவிடப் பெரியது என்று சொல்வது இதனால்தான்.

இதன் பலவீனம் காலம். எண்ணிக்கை இருபது, முப்பதுக்கு வந்துவிட்டால் காடு திரும்பும்வரை விலங்கு காத்திருக்காது.

கூண்டில் வளர்த்து வெளியே விடுதல்

அப்படிப்பட்ட நேரத்துக்குத்தான் இது. 1982-இல் கலிஃபோர்னியா காண்டார் கழுகுகள் உலகில் இருந்தவை 22. 1987-க்குள் காட்டில் மிஞ்சிய கடைசிக் கழுகையும் பிடித்துக் கூண்டுக்குள் கொண்டுவந்தார்கள். அப்போது மொத்தம் 27. அன்று இதற்குக் கடும் எதிர்ப்பு இருந்தது. ஆனால் பலித்தது. இட்ட முட்டையை எடுத்துவிட்டால் காண்டார் இன்னொன்று இடும். எடுத்ததை அடைகாப்பானில் பொரிக்கவைத்தார்கள். மனித முகத்தைக் குஞ்சு தாயென்று நினைத்துவிடக் கூடாதே என்று, காண்டார் தலை போலச் செய்த கையுறைப் பொம்மையால் ஊட்டினார்கள். 1992 முதல் வெளியே விடத் தொடங்கினார்கள். இன்று 500-ஐத் தாண்டிவிட்டது.

இந்தக் கழுகுகளுக்கு வைத்திருந்த மரபணுப் பதிவேட்டால் ஓர் அதிசயமும் வெளிப்பட்டது. இரண்டு குஞ்சுகளுக்குத் தந்தையே இல்லை என்று 2021-இல் அறிவித்தார்கள். கூண்டில் ஆண் துணை இருந்தும் தாய் கன்னி இனப்பெருக்கம் செய்திருந்தது. இரண்டும் ஆண் குஞ்சுகள். பறவைகளில் ஒரே வகைப் பாலினக் குரோமோசோம் இரண்டு இருந்தால் ஆண். ஒன்று மட்டும் இரட்டிப்பாகிப் பிறந்த குஞ்சு ஆணாகத்தான் இருக்க முடியும். இரண்டுமே சந்ததி விடாமல் இறந்துவிட்டன.

இந்த வழியின் குறை என்ன? காண்டார்களை இன்றும் அதிகம் கொல்வது ஈயம். வேட்டைக்காரர் சுட்டுப் போட்ட விலங்கின் உடலில் கிடக்கும் குண்டுத் துணுக்கைத் தின்று சாகின்றன. காரணம் அகலாததால் பிடிப்பது, ரத்தம் சோதிப்பது, ஈயத்தை இறக்கிவிட்டு மீண்டும் விடுவது என்று வேலை ஓயவில்லை. அப்புறம், கூண்டில் பல தலைமுறை கழிந்தால் கூண்டுக்குப் பொருந்துகிறவையே பெருகும். பிரேசிலின் பொன்னிறச் சிங்கக் குரங்குகளை 1984-இல் காட்டில் விட்டபோது, கூண்டில் பிறந்தவற்றுக்கு ஆடும் கிளையில் நடக்கவே தடுமாற்றமாக இருந்தது.

புது ரத்தம் சேர்த்தல்

பேசப்படுவது குறைவு, பலன் அதிகம் என்றால் இதைத்தான் சொல்வேன். ஃபுளோரிடாவின் பேந்தர் என்ற பெரும்பூனைகள் (பூமா வகை) 1990-களின் தொடக்கத்தில் இருபது, முப்பதுதான். காடும் இருந்தது, இரையும் இருந்தது. இருந்தும் தேய்ந்துகொண்டே போயின. பார்த்தால் வால் நுனி மடங்கியிருக்கும், முதுகில் ரோமம் சுழித்திருக்கும். உள்ளே இன்னும் மோசம்: ஆண்களுக்கு விரை கீழிறங்காமல், இதயத்தில் ஓட்டையோடு பிறக்கும் குட்டிகள். எல்லாம் நெருங்கிய உறவுக்குள் இணைசேர்ந்ததன் விளைவு.

1995-இல் டெக்சாஸிலிருந்து எட்டுப் பெண் பூனைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். முற்காலத்தில் இரண்டு கூட்டங்களும் தொடர்ச்சியாகப் பரவியிருந்தவைதான்; நடுவில் வழி அறுந்துபோயிருந்தது. எட்டில் ஐந்து குட்டி போட்டன. கலப்பில் பிறந்த குட்டிகள் அதிகம் பிழைத்தன, மடங்கிய வால் குறைந்தது, பதினைந்து ஆண்டுகளுக்குள் எண்ணிக்கை மூன்று மடங்கானது. எட்டே எட்டு விலங்குகள்! ஒரு முட்டையின் உட்கருவைக்கூட யாரும் தொடவில்லை.

கண்மூடிக் கலப்பதும் கூடாது. ஐரோப்பாவின் டட்ரா மலைகளில் காட்டாடுகளைப் பெருக்கத் துருக்கியிலிருந்தும் சினாயிலிருந்தும் வேறு ஆடுகளைக் கொண்டுவந்தார்கள். கலப்பில் பிறந்தவை பருவம் தப்பி இணைசேர்ந்தன. குட்டிகள் கடுங்குளிரான பிப்ரவரியில் பிறந்து மடிந்தன. அந்தக் கூட்டமே அற்றுப்போயிற்று. நெருங்கிய, ஒத்த சூழலில் வாழும் கூட்டத்திலிருந்துதான் எடுக்கவேண்டும்.

விதிவிலக்கும் உண்டு. நியூசிலாந்தின் கருப்பு ராபின் பறவை 1980-இல் ஐந்தே ஐந்து. இன்று இருப்பவை அனைத்தும் ஒரே ஜோடியின் வாரிசுகள். இருநூறுக்கும் மேல் பெருகிவிட்டன. அதனால் எண்ணிக்கை விழுந்துவிட்டது என்று கைவிடுவதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். ஆனால் அந்த அதிர்ஷ்டத்தைத் திட்டமாக வைத்துக்கொள்ள முடியாது.

குளோனிங் எங்கே பொருந்தும்

வட அமெரிக்காவின் கருங்கால் ஃபெரெட், கீரி போல நீண்ட உடலும் முகமூடி போட்டது போன்ற கண்ணும் கொண்ட சிறு விலங்கு. அழிந்துவிட்டது என்றே நினைத்திருந்தார்கள். 1981-இல் வயோமிங்கில் ஒரு பண்ணை நாய் ஃபெரெட் ஒன்றைக் கவ்விக்கொண்டு வந்து போட்டபோதுதான் இன்னும் இருக்கிறது என்று தெரிந்தது. நோயில் கூட்டம் சரிய, மிஞ்சிய 18-ஐப் பிடித்தார்கள். வாரிசு தந்தவை ஏழு மட்டும். இன்றுள்ள நூற்றுக்கணக்கான ஃபெரெட்டுகளின் வம்சம் அந்த ஏழில் அடங்கிவிடுகிறது. புது ரத்தம் கொண்டுவர வேறு கூட்டம் எங்குமே இல்லை.

ஆனால் 1988-இல் வில்லா என்ற பெண் ஃபெரெட்டின் செல்களை உறையவைத்திருந்தார்கள். வில்லாவின் வம்சம் உயிரோடு இல்லை; அவள் செல்களில் இன்றைய கூட்டத்தில் இருப்பதைப் போல மூன்று மடங்கு தனித்த மரபணு வேறுபாடு இருந்தது. 2020 டிசம்பர் 10 அன்று அந்தச் செல்லிலிருந்து எலிசபெத் ஆன் பிறந்தாள். கருப்பைக் கோளாறால் அவள் குட்டி போடவில்லை. அதே செல்லிலிருந்து 2023-இல் பிறந்த அன்டோனியா ஓர் ஆண் ஃபெரெட்டோடு இயல்பாக இணைசேர்ந்து 2024-இல் குட்டி போட்டாள்; இரண்டு பிழைத்தன. வில்லா செத்து முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆனபின் அவள் மரபணு மீண்டும் சீட்டுக்கட்டுக்குள் விழுந்தது.

குளோனிங் வகையைக் கூட்டாது என்று இவ்வளவு நேரம் சொன்னேன். இங்கே கூட்டியது. எப்படி? நகலெடுத்தது இருக்கும் ஒன்றை அல்ல, இல்லாமல் போன ஒன்றை. நகலோடு நிற்காமல், பாலினப்பெருக்கத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். 12 காட்டுக் குதிரைகளின் வம்சமான பிரெசவால்ஸ்கி குதிரையில் 2020-இல் செய்ததும் இதுவே. 40 ஆண்டு உறையில் இருந்த செல்லிலிருந்து ஒரு குட்டி.

ஆகவே என் கையில் முடிவு இருந்தால் முதல் பணம் காரணத்தை அகற்றவும் இடத்தைக் காக்கவும் போகும். கூட்டங்கள் ஒன்றுக்கு மேல் மிஞ்சியிருந்தால் இடையில் வழி திறப்பேன், வழி இல்லையென்றால் விலங்கைத் தூக்கிக்கொண்டு போய் விடுவேன். எண்ணிக்கை கைமீறிப் போனால் மட்டும் கூண்டு, அதுவும் வெளியே விடும் நாளைக் குறித்துக்கொண்டு. செல்களை உறையவைக்கும் வேலையை மட்டும் இன்றே, எல்லா இனத்துக்கும், இன்னும் நிறைய எண்ணிக்கை இருக்கும்போதே செய்வேன். சிறு தோல் துணுக்கும் மைனஸ் 196 டிகிரியில் திரவ நைட்ரஜனும் போதும். வில்லாவின் செல்லை எடுத்தவர்களிடம் அன்று அதைக் குட்டியாக்கும் வழி இல்லை. டாலி பிறக்க இன்னும் எட்டு ஆண்டுகள் இருந்தன. எதற்கும் இருக்கட்டும் என்று எடுத்து வைத்தார்கள்.

காட்டில் விடப்போகும் ஃபெரெட் ஒவ்வொன்றும் அதற்கு முன் சுமார் ஒரு மாதம் வெளிப்புற அடைப்பில் பழக்கப்படுகிறது. பிரெய்ரி நாயின் வளைக்குள் உறங்கவும் அதைப் பிடித்துக் கொல்லவும் அங்கேதான் கற்கிறது. நாய் என்பது பெயரில்தான், அது வளை தோண்டும் அணில் இனம். ஃபெரெட்டுக்கு இரையும் அதுவே, வீடும் அதுவே. பிளேக் தாக்காமல் தடுப்பூசியும் போடுகிறார்கள். அன்டோனியாவின் வழிவரும் ஒரு குட்டி என்றாவது அந்த அடைப்பைத் தாண்டி வெளியே போனால், போய் நுழைய அங்கே வளைகள் இருக்கவேண்டும்.